“நேத்து இப்படி இல்லீங்களே!”

இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, வார்டுக்குள் வாத்துகள் புகுந்துவிட்டதாகச் சொன்னார் என் பெரிய அத்தை. காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மேயவிடுவதைப் பார்த்தே 78 வயதைத் தொட்டவர். “தாளடி நாத்துல எறங்குது பாரு, ஓட்டுங்கடா” என்று கட்டிலைவிட்டு எழப்போனார். கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசி பிய்த்துக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஓர் ஆயாம்மா வந்து, காஸ் துணியால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். அவருக்கு அத்தை மேல் கோபம் ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரையும் அப்படித்தான் கட்டுவார்கள்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த இளம் மருத்துவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிவிட்டு, “வயசாயிடுச்சுல்ல, டிமென்ஷியாவா இருக்கும். வீட்டுக்குப் போனதும் மனநல டாக்டர்கிட்ட காட்டிக்குங்க” என்றார். அத்தை மகள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: “நேத்து இப்படி இல்லீங்களே!” அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்றிரவு டூட்டிக்கு வந்த செவிலியர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். நேற்று என்றால் எப்போது, காலையிலா சாயங்காலமா? ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் எப்படி இருப்பார்? பால் கணக்கு பார்ப்பாரா, பேரப்பிள்ளைகளின் பெயர் தெரியுமா? ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு அத்தையின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. முந்தின நாள் காலையில் சிறுநீர்க் குழாயை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவருக்குச் சரியாகச் சிறுநீர் போகவே இல்லை. மலம் போய் நான்கு நாள். தூங்குவதற்கென்று ஒரு மாத்திரை வேறு. மூக்குக் கண்ணாடி அத்தை மகளின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. சுழலும் மின்விசிறியின் நிழல் வெள்ளைச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. வாத்துகள் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

குழாய் மறுபடி போடப்பட்டது. கைக்கட்டு அவிழ்ந்தது, கண்ணாடி மூக்கில் ஏறியது. “வாத்து இல்ல பாட்டி, ஃபேன் நெழலு. இது ஆஸ்பத்திரி. ஒங்க மக இங்கதான் இருக்கா” என்று விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார் செவிலியர். அந்த இரவில் இதையே மூன்று முறை வந்து சொன்னார். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் அத்தை கண்ணைத் திறந்து, “மாட்டுக்குத் தண்ணி காட்டுனது யாரு?” என்று கேட்டார். பழைய அத்தை திரும்பி வந்திருந்தார். முழுதாக அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் கிழவிகளிடம் இதற்கு ஒரு சொல் இருந்தது: ஜன்னி. காய்ச்சல் ஏறி ஒருவர் பிதற்றினால் ‘ஜன்னி கண்டுடுச்சு’ என்பார்கள். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்டால் வருவது சன்னி என்றது சித்த மருத்துவம். வலிப்பையும் பிரசவக் கோளாறையும்கூட இந்தச் சொல்லுக்குள் போட்டுக் குழப்பினோம் என்பது உண்மைதான். ஆனாலும் ஒன்றில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஜன்னி திடீரென வரும். உடம்புக்குள் ஏதோ கெட்டதால் வரும். அதைச் சரிசெய்தால் போகும். மூப்பில் வரும் மறதியோ வேறு. அது வாசல் தெரியாமல் மெல்ல நுழைந்து தங்கிவிடும். மருத்துவப் புத்தகம் முன்னதை டெலிரியம் என்கிறது, பின்னதை டிமென்ஷியா என்கிறது. பாட்டிகள் பிரித்து வைத்திருந்த இரண்டையும் ஸ்கேனும் மானிட்டரும் வைத்திருக்கும் நம் வார்டுகள் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரே சாக்கில் அள்ளிப் போட்டுக் கட்டிவிடுகின்றன.

பிரித்தறிய என்ன வேண்டும்? மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்ததா, மாதக்கணக்கில் வந்ததா என்று தெரிய வேண்டும். காலையில் தெளிவும் இரவில் குழப்பமுமாக ஏறி இறங்குகிறதா, சொல்வதில் கவனம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் இவை தெரியாது. எம்ஆர்ஐ படத்திலும் விழாது. நேற்றும் இன்றும் அந்த மனிதரோடு இருந்தவருக்குத்தான் தெரியும். பத்து நிமிடம் வந்துபோகும் மருத்துவரிடம் அந்த நேற்று இல்லை. எட்டு மணி நேரம் வார்டில் நிற்கும் செவிலியரிடமும், ஸ்டூலில் உட்கார்ந்தே தூங்கும் மகளிடமும் இருக்கிறது.

இதில் கொடுமையானது அமைதியாக வரும் ஜன்னி. வாத்து ஓட்டுபவரையாவது நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எதுவும் கேட்காமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடக்கும் முதியவரை ‘பாவம், தொந்தரவே இல்லாத பாட்டி’ என்று விட்டுவிடுவோம். நிமோனியாவோ உப்புக் குறைவோ உள்ளே முற்றிக்கொண்டிருக்கும். சத்தம் போடும் நோயாளியைவிட இந்தச் சத்தமில்லாத நோயாளிதான் அதிகம் தவறவிடப்படுகிறார்.

செவிலி என்ற சொல்லே நமக்குச் சங்க காலத்தது. அகப்பாடல்களில் தலைவியை வளர்க்கும் செவிலித்தாய்தான் அவள் உடல் மெலிவையும் நிற மாற்றத்தையும் கண்டு கவலைப்படுகிறாள். ஏன் என்று தெரியாதபோது முருகன் பூசாரியான வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறார்கள். முருகு அணங்கியதாக அவன் தீர்ப்புச் சொல்கிறான். காதல் நோய்க்கு ஆட்டை அறுத்தால் தீருமா என்று தோழி மனத்துக்குள் சிரிக்கிறாள். கண்டவள் செவிலி, தீர்ப்பு எழுதியவன் வேலன். நம் வார்டுகளில் இன்றும் கதை அதிகம் மாறவில்லை என்று சொன்னால் மருத்துவ நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

ஜன்னி வருவதற்கு எங்கள் பக்கத்து மண்ணுக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன. கடலோர டெல்டாவின் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் வியர்த்துக் கொட்டும். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போக்கும் மாத்திரை வேறு உள்ளே போயிருக்கும். ‘உப்பைக் குறை’ என்ற அறிவுரையைப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீராகக் குடிப்பார்கள். சோடியம் சரிந்து புத்தி தடுமாறும். சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுபவருக்குச் சர்க்கரை தாழ்ந்து அதே தடுமாற்றம் வரும். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் விழுங்கும் அல்பிரசோலம், கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் எல்லாமே முதிய மூளையைக் குழப்பக்கூடியவை. பாட்டி உளறினால் முதலில் அவருடைய மாத்திரைப் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று சாராயம். புதுச்சேரி ஆட்சிப் பகுதி என்பதால் காரைக்காலில் சாராயக் கடையும் கள்ளுக் கடையும் உரிமத்தோடு நடப்பவை. தினமும் குடிப்பவர் கால் உடைந்தோ வயிற்று வலியிலோ ஆஸ்பத்திரியில் படுத்தால் குடி சட்டென்று நின்றுபோகும். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வியர்க்கும், இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார், ஆளைத் தெரியாது. உயிரையே எடுக்கக்கூடிய ஜன்னி இது. குடும்பம் கூச்சப்பட்டு மறைத்துவிடும், “குடிப்பாரா?” என்று மகன்கள், மாமன்கள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எந்த மனைவியும் இல்லை என்றுதான் சொல்வாள். தனியே அழைத்துப்போய்க் கேட்கத் தெரிந்த செவிலியருக்குத்தான் உண்மை கிடைக்கும். கிடைத்துவிட்டால், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன்பே பி1 வைட்டமினான தயமின் ஊசியைப் போட வேண்டும் என்பது மருத்துவப் பாடம். தயமின் வற்றிய உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் நினைவு மையங்கள் நிரந்தரமாகக் கெடக்கூடும். எதற்கெடுத்தாலும் ‘ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க’ என்று கேட்கும் நம் ஊரில் இதைத் தட்டியில் எழுதி வைத்தாலும் தகும்.

சரி, ஜன்னி வராமல் தடுக்க என்ன செய்வது? விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். 1999-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷேரன் இனோயி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்த, 70 வயதும் அதற்கு மேலுமான 852 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பிரிவினருக்குக் கூடுதலாகச் சில: இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி எடுத்துச் சொல்வது, கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுவது, சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது, தண்ணீர் கொடுப்பது, இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானம், முதுகு தடவல், மெல்லிய இசை. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. கூடுதல் கவனிப்பு பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினருக்கு மட்டும். இதே பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் அதை விற்கும் கம்பெனி வீடு வீடாக வந்து கதவைத் தட்டியிருக்கும். முதுகு தடவலுக்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாதே.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவாகி இப்போது பல நாடுகளில் பயன்படும் ‘ஃபோர் ஏ டி’ என்ற, ஜன்னியைக் கண்டறியும் சோதனையை இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம். விழிப்பு எப்படி, வயதும் இடமும் ஆண்டும் தெரிகிறதா, கவனம் நிற்கிறதா, திடீர் மாற்றமா என்ற நாலு விஷயம்தான். கவனத்தைச் சோதிக்க டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். எங்கள் அத்தைக்கு டிசம்பர் எதற்கு? ‘பங்குனியிலேருந்து பின்னாடி சொல்லுங்க’ என்றால் மாசி, தை, மார்கழி, கார்த்திகை என்று நாற்றங்கால் கணக்கோடு வந்துவிடும். இஸ்லாமியப் பாட்டி என்றால் ரமலானிலிருந்து ஷஃபான், ரஜப். பள்ளிக்கூடம் போகாத கிழவியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லிவிட்டு அறிவு மழுங்கியதாகச் சான்று கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இந்தியாவில் இதை உணர்ந்துதான் எழுத்தறிவு தேவைப்படாத சோதனைகளைத் தேடினார்கள். சென்னையும் வேலூரும் பங்கேற்ற ‘10/66’ என்ற ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு குற்றச்சாட்டு: மறதிநோயாளிகளில் 66 சதவீதத்தினர் வளரும் நாடுகளில், ஆனால் அந்த மக்களைப் பற்றி நடந்த ஆய்வோ 10 சதவீதத்துக்கும் குறைவு.

கட்டிப்போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுந்துவிடுவார், ஊசியைப் பிடுங்கிவிடுவார் என்று கட்டுகிறோம். கட்டப்பட்டவர் மேலும் மிரள்வார், திமிறுவார், மணிக்கட்டுத் தோல் உரியும், படுத்தே கிடப்பதால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் விழும். ஜன்னியைத் தணிக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டே அதற்கு எண்ணெய் ஊற்றும் வேலை. சிறுநீர்க் குழாயும் தேவையில்லாத டிரிப்ஸும்கூடக் கட்டுகள்தான், காஸ் துணியால் ஆனவை அல்ல என்பதைத் தவிர. ஊசியால் அடக்குவதும் அப்படித்தான். மறதிநோய் உள்ள முதியவர்களுக்குப் புதிய வகை மனநோய் மருந்துகளைத் தருவது மரண அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால் மருந்து தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால் நைட் டூட்டிக்கு ஆள் போதவில்லை என்பது மருந்துக்கான நோய்க்குறி ஆகாது.

ஆள் போதவில்லை என்பது பொய்யும் அல்ல. பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு செவிலியர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவு பத்து மணிக்கு எந்த அரசு வார்டிலாவது கட்டில்களை எண்ணிப் பாருங்கள், பிறகு வெள்ளைச் சீருடைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவரே நாற்பது பேருக்கு ஊசி போட்டு, ரிஜிஸ்டர் எழுதி, ஆக்சிஜன் பார்க்க வேண்டியிருந்தால் ‘நேத்து எப்படி இருந்தாங்க?’ என்று கேட்க அவருக்கு எங்கே நேரம்? அத்தைக்கு வாய்த்த அந்தச் செவிலியரைப் புகழ்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி ஒரு துறை நடக்கக் கூடாது.

இந்த இடத்தில் நம்மிடம் இருக்கும் ஒரு செல்வத்தை நாமே கவனிக்கவில்லை. பிரிட்டனில் ஜான் ஜெரார்டு என்ற முதியவர் மறதிநோயோடு ஓரளவு நன்றாகவே வாழ்ந்துகொண்டிருந்தார். 2014 பிப்ரவரியில் கால் புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். குடும்பத்தினரைக் கூட இருக்கவிடவில்லை. ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பியபோது நடை, பேச்சு, நினைவு எல்லாம் உதிர்ந்திருந்தன; அந்த நவம்பரில் இறந்தார். அவருடைய மகளும் எழுத்தாளருமான நிக்கி ஜெரார்டு, தோழி ஜூலியா ஜோன்ஸுடன் சேர்ந்து அதே மாதம் ‘ஜான்ஸ் கேம்பெய்ன்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். மறதிநோயாளி மருத்துவமனையில் இருக்கும்போது அவரைப் பார்த்துக்கொள்பவர் உடனிருக்கும் உரிமை வேண்டும் என்பதே கோரிக்கை. அங்கே போராடிப் பெற வேண்டியிருந்தது நம் அரசு மருத்துவமனையில் பாயும் டிபன் கேரியருமாகக் கட்டிலுக்கடியிலேயே படுத்திருக்கிறது. கூட இருப்பவர்களுக்கு நாம் வைத்திருக்கும் வேலை என்ன? மருந்து வாங்கி வா, பெட்பான் வை, ரவுண்ட்ஸ் வரும்போது வெளியே போ. நோயாளியைப் பற்றி ஊரிலேயே அதிகம் தெரிந்தவரை, அவரைப் பற்றிப் பேசும் அந்தப் பத்து நிமிடத்தில் வாட்ச்மேனை விட்டு விரட்டுகிறோம்.

ஒரு தாள் போதும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், கூட இருப்பவரைக் கேட்டுச் செவிலியர் நிரப்பும் ஒரு தாள்: இவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், எந்தக் காது கேட்கும், பல்செட் உண்டா, எந்தப் பக்கம் படுப்பார், எப்போது காபி குடிப்பார், வீட்டில் தானே கழிப்பறை போவாரா, போன வாரம் எப்படிப் பேசினார். ஒவ்வொரு ஷிப்டும் மாறும்போது ஒரே ஒரு கேள்வி: “நேத்தைக்கு இன்னைக்கு வித்தியாசம் தெரியுதா?” பதில் ஆம் என்றால் மருத்துவரை எழுப்ப வேண்டும். காய்ச்சல் 103 என்றால் எழுப்புகிறோமே, அது போல.

இதுவரை சொன்னது ஜன்னி. மறதிநோயின் களம் வீடு. காரைக்கால் வீடுகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் சொல்லலாம் என்றது ஒப்பந்தம். அப்படித் தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் பிரான்ஸில் இருக்கிறார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும். பெரிய வீடு, கிரானைட் தரை, கண்காணிப்புக் கேமரா, நடுவே ஒரு முதியவள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகன் முகம் வரும். போன் பேசி முடித்த பிறகு, ‘பொட்டிக்குள்ள இருக்கிற தம்பி சாப்பிடாமலே போயிடுச்சே’ என்று ஒரு தட்டில் சோறு போட்டு டிவி முன்னால் வைத்த பாட்டியை எனக்குத் தெரியும். மகனுக்கு அது மறதி. என் கண்ணில் பட்டதோ அதில் மறக்காமல் மிச்சமிருந்ததுதான். கடல் கடந்து போய் மூப்படைபவர்களுக்கோ வேறு சிக்கல். இரண்டு மொழி பேசியவருக்கு மறதிநோயில் பிந்திக் கற்ற மொழி முதலில் உதிரக்கூடும். பாரிஸ் பக்கத்து முதியோர் இல்லத்தில் தமிழ் மட்டும் மிஞ்சிய ஒரு தாத்தா ‘ஒண்ணுக்கு வருது’ என்றால் அங்கிருக்கும் செவிலியருக்கு என்ன புரியும்?

மறதிநோயாளியோடு வாதாடக் கூடாது. ஜன்னியில் ‘வாத்து இல்லை, இது நிழல்’ என்று நிதானமாக நிஜத்துக்கு அழைத்து வருவது உதவும், ஏனென்றால் அவர் திரும்பி வரக்கூடியவர். முற்றிய மறதியில் ‘ஒங்கம்மா செத்து நாப்பது வருஷமாச்சு’ என்று தினமும் திருத்தினால், தினமும் புதிதாக ஓர் இழவு விழும். விளக்கு வைக்கும் நேரத்தில் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே ‘வீட்டுக்குப் போகணும்’ என்பார்கள். அவர்கள் கேட்கும் வீடு முகவரி உள்ள வீடு அல்ல. ‘போகலாம், காபி குடிச்சிட்டுப் போகலாம்’ என்று கையைப் பிடித்துத் தெருமுனை வரை நடந்து திரும்பினால் அடங்கிவிடும். கதவைச் சாத்தினால் கத்தல்தான். அந்தி நேரக் கலவரத்துக்கு வெளிச்சத்தை முன்கூட்டியே போடுவதும், மதியத் தூக்கத்தைக் குறைப்பதும், மலச்சிக்கலைக் கவனிப்பதும் பலன் தரும். குளிக்க மறுத்தால் துணியை உருவாமல், தோளில் துண்டு போட்டபடி வெந்நீரைக் காலிலிருந்து ஊற்ற ஆரம்பிக்கலாம். மறதி வந்த பிறகும் கூச்சம் மிஞ்சியிருக்கலாம்.

டெல்டாவில் மறதிநோயாளி வீட்டைவிட்டு நடந்துபோவது வேறு ஊர்களைவிட ஆபத்தானது. கொல்லையைத் தாண்டினால் வாய்க்கால், தெருக்கோடியில் குளம். மழைக்காலத்தில் வயலுக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாது. சட்டைப் பையில் சீட்டு வைத்தால் நனைந்துவிடும். கையில் உலோகக் காப்பில் போன் நம்பர் பொறித்து மாட்டுவது நல்லது. டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட், மீன்காரம்மா மூவரிடமும் சொல்லி வைப்பது அதைவிட நல்லது. வெட்கப்பட்டு மறைக்கிறோம். பிறகு ஊரே கூடிக் குளத்தில் தேடுகிறது.

சாப்பாடு இன்னொரு போர்க்களம். விழுங்குவது மறந்துபோகும் கட்டம் வரும்போது மூக்கில் குழாய் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். முற்றிய மறதிநோயில் குழாய் வழி உணவு ஆயுளைக் கூட்டுவதில்லை, கையால் ஊட்டுவதே மேல் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த சோற்றைச் சின்னக் கரண்டியால், முந்தின வாய் இறங்கியது தெரிந்த பிறகு அடுத்த வாயாக ஊட்டினால் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் யாருடையது? பெரும்பாலும் ஒரு மருமகளுடையது. அவளுக்கு லீவு கிடையாது. ‘மாமியாரைக் குழந்தை மாதிரி பாத்துக்கிறா’ என்ற பாராட்டைச் சொல்லிவிட்டுச் சொந்தக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள்.

மருமகளும் இல்லாத வீட்டில் சம்பளத்துக்கு வரும் பெண். நடவு இயந்திரம் வந்த பிறகு வயலில் வேலை குறைந்த பெண்கள் பலர் இப்போது ‘பெரியவங்களைப் பாத்துக்கிற’ வேலைக்கு வருகிறார்கள். பயிற்சி இல்லை, வார விடுமுறை இல்லை, பாட்டி விழுந்தால் பழி மட்டும் உண்டு. படுக்கையில் புரட்டும்போது அவர்கள் முதுகு போகிறது. இவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி கொடுக்கக் காரைக்காலில் இடமா இல்லை? அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரின் கிளை இருக்கிறது, கீழகாசாக்குடியில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வரிச்சிக்குடியிலேயே பாலிடெக்னிக் இருக்கிறது. கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். வரிச்சிக்குடியில் பொறையாறு பஸ் ஏறி நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் பிசியோதெரபியும் வலி தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள் புதுச்சேரி. எங்கள் சுகாதாரத் துறைத் தலைமை சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் வேறு மாநிலம். இந்தத் தீவு நிலையில் ஒரு நன்மையும் உண்டு. சிறிய பகுதி என்பதால் ஒரு திட்டத்தை முழுதாகச் செய்துபார்க்க வசதி. கேரளம் 2014-லேயே மறதிநோய்க்கென மாநில அளவிலான முயற்சியைத் தொடங்கிவிட்டது. இந்திய மறதிநோய்ச் சங்கம் 1992-ல் பிறந்ததும் அந்த மண்ணில்தான். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறந்தது. வேண்டிய அறிவு தமிழிலேயே, அரை நாள் பயணத் தூரத்திலேயே இருக்கிறது.

1990-களில் திருப்போரூர்ப் பகுதியில் நடந்த ஆய்வில் 60 வயதைக் கடந்தவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு மறதிநோய் தெரிந்தது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு 7.4 சதவீதம் என்கிறது. சுமார் 88 லட்சம் பேர். அளவுகோல்கள் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் பெண்களிடமும் கிராமங்களிலும் அதிகம் என்று புதிய ஆய்வு சொல்வதைக் கவனியுங்கள். பள்ளிக்கு அனுப்பப்படாத தலைமுறை இது. காது மந்தத்தையும் பார்வைக் குறைவையும் கவனித்தாலே ஆபத்தில் ஒரு பங்கு குறையும் என்று 2024-ல் லான்செட் ஆணையம் சொன்னது. முகாம் நடத்திக் கண்புரை எடுக்கிறோம். காது மிஷினுக்கு யார் முகாம் போடுகிறார்கள்?

அத்தை முழுதாகத் திரும்பவில்லை என்றேனே. ஒருமுறை ஜன்னி கண்ட மூளையில் மறதி வேகமாக இறங்கக்கூடும் என்பது மருத்துவம் அறிந்தது. முன்பே லேசாக இருந்திருக்கலாம், நாங்கள்தான் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டில் பால் கணக்கு போயிற்று, பிறகு எங்கள் பெயர்கள். இப்போது பக்கத்துத் தெருப் பெண் ஒருவர் வந்து பார்த்துக்கொள்கிறார். எங்கும் பயின்றவர் அல்ல. முன்பு எங்கள் வயலில் நடவுக்கு வந்தவர். போன வாரம் நான் போனபோது திண்ணையில் உட்கார்த்தி ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். வெளிச்சம் மங்கியதும் அத்தை தெருவைப் பார்த்துப் பதற ஆரம்பித்தார்.

“வாத்தெல்லாம் திரும்பிருச்சா?”

“வந்துருச்சு பெரியம்மா. பட்டியில அடைச்சாச்சு.”

“எண்ணுனியா?”

“எண்ணுனேன். ஒண்ணு கொறையுது.”

“அது வாய்க்கா ஓரமா முட்ட போடப் போயிருக்கும். வந்துரும்” என்று சொல்லிவிட்டு அத்தை வாயைத் திறந்தார்.